டிஸ்சார்ஜ் ஆன பிறகு எங்கே? பக்கவாத மறுவாழ்வுக்கு நம் முன் இருக்கும் வழிகள்

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றும் கசிவு என்றும் பதறிக்கொண்டு சேர்த்த நோயாளியை, பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைப் பட்டியலுக்குக் கீழே ‘பிசியோதெரபி தொடரவும்’ என்று ஒரு வரி இருக்கும். எங்கே, யாரிடம், எத்தனை மாதம், என்ன செலவு ஆகும் என்பதெல்லாம் அதில் இருக்காது. பில் கட்டும் வரிசையில் நிற்கும்போதே குடும்பம் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. மைத்துனர் ஒருவர் கேரளாவுக்குக் கொண்டுபோகலாம் என்பார். சித்தி ஒருவர் புறா ரத்தம் தேய்த்தால் கை வந்துவிடும் என்று சத்தியமே செய்வார். வெளிநாட்டில் இருக்கும் மகன், ரோபோ வைத்திருக்கும் ஏதோ ஒரு மையத்தின் விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பான்.

என் மாமனாருக்கு வலப்பக்கம் விழுந்தபோது நாங்களும் இப்படித்தான் நின்றோம். அதற்குப் பிறகு படித்ததையும், பல குடும்பங்களில் பார்த்ததையும் வைத்து எனக்கு ஏற்பட்ட கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிப்பு நடுத்தரமாக இருந்தால், கையில் இருக்கும் பணத்தை ஒரு வருடத்துக்குப் பிய்த்துப் பிய்த்துச் செலவழிப்பதைவிட, முதல் மூன்று மாதங்களுக்குள் சில வாரங்கள் மறுவாழ்வு வார்டில், அதாவது நோயாளி தங்கி நாள் முழுக்கப் பயிற்சி பெறும் மருத்துவமனைப் பிரிவில், தங்குவதற்குச் செலவழிப்பது மேல். பாதிப்பு லேசானது என்றால் அந்தச் செலவே வேண்டாம். இயந்திரத்துக்காகவும் ஊசிக்காகவும் யாரும் நிலத்தை விற்கவே கூடாது.

மூளையில் செத்துப்போன செல்கள் திரும்பி வருவதில்லை. பிழைத்திருக்கும் பகுதிகள் அந்த வேலையைப் புதிதாகக் கற்றுக்கொள்கின்றன. கற்றுக்கொள்ளும் வேகம் முதல் மூன்று மாதங்களில் அதிகம், ஆறு மாதம் வரை ஓரளவு இருக்கும், பிறகு மெதுவாகத் தொடரும். ‘ஆறு மாதத்தோடு கதவு மூடிவிடும்’ என்று சிலர் பயமுறுத்துவது சரியல்ல. லண்டனில் குயின் ஸ்கொயர் மருத்துவமனையில் பக்கவாதம் வந்து வெகுகாலம் ஆனவர்களுக்கு மூன்று வாரத்தில் 90 மணி நேரம் கைப்பயிற்சி கொடுத்தபோது அவர்களின் கையிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அந்த எண்ணைக் கவனியுங்கள். மூன்று வாரத்தில் 90 மணி நேரம்! நம் ஊரில் வாரம் மூன்று நாள், அரை மணி நேரம் என்று வரும் பிசியோவிடம் அந்த 90 மணி நேரத்தை எட்டுவதற்குள் ஒரு வருடம் ஓடிவிடும்.

சிகிச்சை நடக்கும் நேரத்திலும் எல்லா நிமிடமும் பயிற்சி ஆகிவிடாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 312 பயிற்சி அமர்வுகளை உட்கார்ந்து எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. கையால் ஒரு பொருளை எடுப்பது, வைப்பது போன்ற உபயோகமான அசைவுகள் ஓர் அமர்வில் சராசரியாக 32தான் நடந்தன. விலங்குகளை வைத்துச் செய்த சோதனைகளில் மூளையில் மாற்றம் தெரிய ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் தேவைப்பட்டது. ஆகவே எந்த வழியைப் பார்க்கும்போதும் நான் கேட்கும் முதல் கேள்வி, நோயாளி தானே முயன்று செய்யும் அசைவு ஒரு நாளில் எத்தனை என்பதுதான். கட்டிடத்தின் பளபளப்பையும் இயந்திரத்தின் விலையையும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சீக்கிரம் தொடங்க வேண்டும் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. 2,104 நோயாளிகளை வைத்து நடந்த அவெர்ட் என்ற ஆய்வின் முடிவு 2015இல் வந்தது. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி எழுப்பி நிறுத்தி நடக்க வைத்தவர்கள், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட மூன்றாவது மாதத்தில் சற்றுப் பின்தங்கியே இருந்தார்கள். முதல் நாளில் அவசரம் கூடாது. இரண்டாவது வாரத்தில் சோம்பலும் கூடாது.

மறுவாழ்வு வார்டு

இந்த வழியைத் தமிழ்நாட்டில் பலர் கேள்விப்படுவதே இல்லை. நம் மாநிலத்துக்கு இதில் ஒரு முன்னோடி வரலாறு இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. வேலூர் சி.எம்.சி.யில் இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்பு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். அவர் பொறுப்பில் 1966இல் வேலூர் பாகாயத்தில் தொடங்கப்பட்ட மறுவாழ்வு நிலையம், நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறுவதற்கென்றே இந்தியாவில் உருவான முதல் இடங்களில் ஒன்று. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் நரம்பியல் மறுவாழ்வுக்கென்று தனித்துறையே உண்டு. பெரிய தனியார் மருத்துவமனைகள் சிலவும் இப்போது இதைத் தொடங்கியிருக்கின்றன.

வார்டில் தங்கினால் என்ன வித்தியாசம்? காலையில் எழுந்ததிலிருந்தே பயிற்சிதான். பல் துலக்குவது, சட்டை போடுவது, தட்டிலிருந்து இட்லி எடுத்துச் சாப்பிடுவது எல்லாவற்றையும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பக்கத்தில் நின்று செய்ய வைக்கிறார். நடையைப் பிசியோ பார்க்கிறார். பேச்சையும் விழுங்குவதையும் பேச்சுப் பயிற்சியாளர் பார்க்கிறார். சிறுநீர்க் குழாயை எப்போது எடுக்கலாம், கையில் இறுக்கம் ஏறுகிறதா என்பதை மறுவாழ்வு மருத்துவர் பார்க்கிறார். வாரம் ஒருமுறை இவர்கள் எல்லோரும் உட்கார்ந்து அந்த ஒரு நோயாளியைப் பற்றிப் பேசுகிறார்கள். நான்கு பேரைத் தனித்தனியாக வீட்டுக்கு வரவழைத்தாலும் இந்தப் பேச்சு நடக்காது. குழுவாகச் சேர்ந்து கவனிக்கும் வார்டுகளில் இருந்தவர்கள் பிழைப்பதும், தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வருவதும் அதிகம் என்பது, பக்கவாத மருத்துவத்தில் மறுக்க முடியாத அளவுக்கு நிறுவப்பட்ட செய்தி. வயதானவர்களுக்கும் அது பொருந்தும்.

இடைஞ்சல்கள் இல்லாமல் இல்லை. படுக்கை உடனே கிடைக்காது. குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்க வேண்டும், தினக்கூலிக் குடும்பத்துக்கு அது இரட்டைச் செலவு. காப்பீடு இன்னொரு தலைவலி. நம் மருத்துவக் காப்பீட்டுப் பத்திரங்களில் ஓய்வுச் சிகிச்சை, மறுவாழ்வு, பராமரிப்பு என்ற தலைப்பில் ஒரு விலக்குப் பிரிவு பொதுவாக இருக்கும். அந்தத் தலைப்பைக் காட்டிக் கோரிக்கையை நிராகரிக்கப் பார்ப்பார்கள். பிரிவின் உள்ளே படித்தால், சிகிச்சை எதுவும் இல்லாமல் வெறும் ஓய்வுக்காகவும் அன்றாட உதவிக்காகவும் சேர்ப்பதைப் பற்றித்தான் அது பேசுகிறது. ‘தீவிர சிகிச்சைப் பயிற்சிக்காகச் சேர்க்கப்படுகிறார்’ என்று மருத்துவரிடம் விளக்கமான கடிதம் வாங்கிக்கொண்டு, சேர்வதற்கு முன்பே எழுத்தில் அனுமதி கேளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் அலைச்சல்தான் மிச்சம்.

வீட்டிலேயே பிசியோ

பெரும்பாலான குடும்பங்கள் எடுக்கும் முடிவு இது. மனதளவில் நோயாளிக்கு இதம். வீட்டுச் சாப்பாடு, தெரிந்த முகங்கள், பேரப்பிள்ளைகள். பக்கவாதம் லேசாக வந்தவர்களை மருத்துவமனைக் குழுவின் ஆதரவோடு சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பினால் நன்றாகவே தேறுகிறார்கள் என்று ஐரோப்பிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அங்கே மருத்துவமனைக் குழுவே வீடு தேடி வருகிறது. இங்கே டிஸ்சார்ஜோடு மருத்துவமனையின் தொடர்பு முடிந்துபோகிறது. அந்த முடிவை அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது.

‘நாமே கற்றுக்கொண்டு செய்துவிடலாமே, வேறு யார் எதற்கு?’ என்று கேட்பவர்களுக்கு, நம் நாட்டிலேயே கிடைத்த பதில் ஒன்று இருக்கிறது. அட்டெண்ட் என்ற ஆய்வில் இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். பாதிப் பேரின் குடும்பத்தினருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி கொடுத்து, பிறகு வீட்டுக்கும் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. 2017இல் முடிவு வந்தபோது, ஆறாவது மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே இருந்தவர்களும் இரண்டு பிரிவிலும் 47 சதவீதம். எந்த வித்தியாசமும் இல்லை. அம்மாவும் மனைவியும் மருமகளும் தங்கள் உழைப்பைக் கொட்டுவது போதும், அதுவே சிகிச்சை என்று நினைக்கும் நம் வழக்கத்துக்கு இது கசப்பான முடிவு. குடும்பம் கற்றுக்கொள்ளத் தேவையில்லை என்று இதற்கு அர்த்தம் அல்ல. குடும்பத்தின் உழைப்பு, பயிற்சி பெற்றவரின் கைக்கு மாற்று ஆகாது என்பதுதான் இதிலிருந்து எனக்குப் புரிகிறது. உதவிக்கு உதவி, சிகிச்சைக்குச் சிகிச்சை.

ஆனால் நல்ல பிசியோ வீட்டுக்கு வந்தால் வீடே பயிற்சிக்கூடம் ஆகிவிடுகிறது. மாமனாருக்கு வந்த இளைஞர் பையில் எந்தக் கருவியும் கொண்டுவரவில்லை. முதல் நாள் கட்டிலின் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயரத்தைக் கூட்டச் சொன்னார். தாழ்வான கட்டிலிலிருந்து எழ முடியாதவர், உயரமான கட்டிலிலிருந்து எழுந்து நின்றார். “ஐயா, மூக்கு முழங்காலைத் தாண்டி முன்னால் வரட்டும், அப்புறம் எழுந்திருங்கள்” என்பார். பின்பக்கம் சாய்ந்துகொண்டே எழ முயன்ற மனிதருக்கு அந்த ஒரு வரி பிடிபட்டதும், எழுவது கைகூடியது. அது பழகிய பிறகு செங்கலை ஒவ்வொன்றாக எடுத்தார். கைக்குப் பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கச் சொன்னார். குழிக்கு ஐந்து முத்து என்று 14 குழிக்கும் போட்டால் 70 முத்து. ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு ஒரு சுற்று ஆடி முடிப்பதற்குள் அந்த அமெரிக்க ஆய்வு சொன்ன 32ஐத் தாண்டிவிடலாம். அதுவும் மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டே! அவர் ஏமாற்றுகிறார் என்று மாமனார் முறையிட்ட அன்றுதான் நோய்க்குப் பிறகு முதன்முதலாக முழு வாக்கியம் ஒன்று பேசினார்.

இதே வீட்டு வழியில் நடக்கும் பெரிய கேடு தோளில். செயலிழந்த கையைத் தோள் தசைகள் தாங்கிப் பிடிக்காது, அதனால் மூட்டு மெல்லக் கீழே இறங்கியிருக்கும். எங்களுக்கு ஓர் ஏஜென்சி அனுப்பிய உதவியாளர், படுக்கையிலிருந்து தூக்க அந்தக் கையையே பிடித்து இழுப்பார். தோளில் வலி வந்தது. வலி வந்ததும் மாமனார் பயிற்சிக்கே கையைக் கொடுக்க மறுத்தார், வாரக்கணக்கில் கையின் வேலை நின்றுபோனது. யாரை வேலைக்கு வைத்தாலும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. உட்காரும்போது கை தொங்காமல் தலையணை மேல் இருக்க வேண்டும். தூக்குவதற்கு இடுப்பில் அகலமான துணிப்பட்டை கட்டிப் பிடித்துக்கொள்வது நல்லது.

வீட்டுப் பிசியோவைத் தேர்ந்தெடுக்க எளிய அடையாளம் ஒன்று உண்டு. வந்ததும் கரண்ட் வைத்துவிட்டு, கையையும் காலையும் தானே மடக்கி நீட்டிவிட்டு, நோயாளி கண்ணை மூடிப் படுத்திருக்க அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுபவர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். மடக்கி நீட்டுவது மூட்டு இறுகாமல் இருக்க உதவும், மின்தூண்டலுக்கும் சில இடங்களில் பயன் உண்டு. ஆனால் அந்த நேரத்தில் நோயாளியின் மூளை எதையும் முயலவில்லை.

போய்வரும் பிசியோவும் அரசின் வீடுதேடும் சேவையும்

ஓரளவு நடக்கத் தொடங்கியவர்களுக்கு, அரசு தலைமை மருத்துவமனைகளின் பிசியோ பிரிவுக்குப் போய்வருவது செலவு குறைந்த வழி. கூட்டமும் ஆட்டோ செலவும்தான் தடை. வெளியே கிளம்புவதே ஒரு பயிற்சி என்பதால், நடக்க முடிந்தவர்களுக்கு வீட்டுப் பிசியோவைவிட இதையே பரிந்துரைப்பேன். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு வீட்டுக்கே வந்து பிசியோ செய்யும் ஏற்பாடும் இருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர்கள் தினமும் வர மாட்டார்கள். அன்றாடப் பயிற்சிக்கு வேறு ஏற்பாடு வேண்டும். ஆனாலும் ரத்த அழுத்தத்தை யாராவது ஒருவர் தவறாமல் அளந்துகொண்டிருப்பதே பெரிய விஷயம். இரண்டாவது பக்கவாதம் வந்தால் இத்தனை மாத உழைப்பும் வீண்.

ரோபோ, ஊசி, ஸ்டெம் செல்

இயந்திரங்கள் மீது எனக்குப் பகை இல்லை. அவற்றுக்குக் கேட்கப்படும் விலையில்தான் சண்டை. இடுப்பில் பட்டை கட்டித் தொங்கவிட்டு டிரெட்மில்லில் நடக்க வைக்கும் முறையை, பிசியோ வீட்டுக்கு வந்து கற்றுத்தரும் உடற்பயிற்சியோடு அமெரிக்காவில் 408 பேரை வைத்து ஒப்பிட்டார்கள். முடிவு 2011இல் வெளியானது. ஒரு வருடம் கழித்து மொத்தப் பேரில் 52 சதவீதம் பேரின் நடை முன்னேறியிருந்தது. டிரெட்மில் பிரிவு வீட்டுப் பிரிவை முந்தவில்லை. கைக்கான ரோபோ பயிற்சியை பிரிட்டனில் 770 பேரிடம் சோதித்தார்கள். வழக்கமான சிகிச்சையைவிடக் கையின் செயல்பாடு மேம்படவில்லை என்று 2019இல் முடிவு வந்தது. ரோபோவால் செய்ய முடிவது, களைப்பில்லாமல் திரும்பத் திரும்ப அசைக்க வைப்பது. நியாயமான கட்டணத்தில், மற்றப் பயிற்சிகளோடு சேர்த்துக் கிடைத்தால் செய்துகொள்ளலாம். அது இல்லையே என்று வருந்த ஒன்றுமில்லை.

இயந்திரமே இல்லாத ஒரு முறைக்கு நல்ல சான்று இருக்கிறது. அதைத்தான் யாரும் விளம்பரம் செய்வதில்லை. நல்ல கைக்கு உறை போட்டுக் கட்டிவிட்டு, விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி பலவீனமான கையையே உபயோகிக்க வைப்பது. பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆன 222 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில் இரண்டு வாரப் பயிற்சி கொடுத்தார்கள், பலன் ஒரு வருடம் கழித்தும் நிலைத்தது. மணிக்கட்டையும் விரல்களையும் சிறிதாவது நிமிர்த்த முடிந்தவர்களுக்கு மட்டுமே இது ஏற்றது. அப்படி முடிந்தால் உங்கள் பிசியோவிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்.

ஊசிகளுக்கு வருவோம். நரம்பைப் புதுப்பிக்கும் என்று எழுதித் தரப்படும் சிட்டிகோலின், 2,298 நோயாளிகளிடம் நடந்த சோதனையில் எந்தப் பலனும் காட்டவில்லை. 2012இல் வந்த முடிவு அது, இன்னும் மருந்துச் சீட்டில் வருகிறது. ஸ்டெம் செல்லைப் பொறுத்தவரை, எலும்பு மஜ்ஜை செல்களைச் செலுத்தி இந்தியாவிலேயே 120 பேரிடம் செய்த சோதனை 2014இல் வெளியானது. பாதுகாப்பாக இருந்தது, பலன் இல்லை. பக்கவாதத்துக்கு ஸ்டெம் செல்லை ஆய்வாக மட்டுமே செய்யலாம், அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சித்தம், ஆயுர்வேதம், புறா ரத்தம்

மூன்றையும் ஒரே தலைப்பில் போட்டதற்குச் சித்த மருத்துவர்கள் என்னைக் கோபிக்கலாம். ஆனால் குடும்பங்களில் இவை ஒரே மூச்சில்தான் பேசப்படுகின்றன. பக்கவாதத்தைச் சித்த நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. உடலின் குறிப்பிட்ட புள்ளிகளை அழுத்தும் வர்மமும், உடம்பைப் பிடித்துத் தேய்த்துவிடும் தொக்கணமும் அதற்குத் தரும் சிகிச்சைகள். தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடத்தில், தகுதியுள்ள மருத்துவரிடம் மென்மையாக எண்ணெய் தேய்த்துக்கொள்வதில் எனக்கு மறுப்பு இல்லை. உடல் தளர்கிறது, நோயாளியை ஒருவர் அக்கறையோடு தொடுகிறார், தூக்கம் வருகிறது. ஆனால் நோயாளி அசையாமல் படுத்திருக்கும் சிகிச்சை இது என்பதை மறக்க வேண்டாம். காலையில் தொக்கணம், மாலையில் பயிற்சி என்று இருக்கலாம். பயிற்சியை நிறுத்திவிட்டு ஒரு மண்டலம் எண்ணெயில் கிடப்பது, கற்றுக்கொள்ளும் வேகம் அதிகமாக இருக்கும் நாட்களை விரயம் செய்வது.

இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே கூடாது. உணர்ச்சி மரத்துப்போன கைகாலில் சூடான எண்ணெயோ கிழியோ பட்டால், நோயாளிக்குத் தெரியாமலே வெந்துபோகும். அதைவிட முக்கியம், ரத்த அழுத்த மாத்திரையையும் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையையும் நிறுத்தச் சொல்லும் எந்த வைத்தியரிடமும் ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது. புறா ரத்தத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை, புறாவை விட்டுவிடுங்கள்.

எந்த வழியிலும் விடுபட்டுப்போகிறவை

கைகாலைப் பற்றியே பேசிப் பேசி மூன்று விஷயங்களை எல்லோரும் மறக்கிறார்கள். ஒன்று விழுங்குவது. தண்ணீர் குடித்ததும் இருமல் வந்தாலோ, குரல் நனைந்ததுபோல் மாறினாலோ உணவு நுரையீரலுக்குள் போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். விழுங்கும் திறனைச் சோதிக்காமல் ‘ஒரு வாய் காப்பி குடிக்கட்டும்’ என்று பாசத்தில் ஊற்றுவது நிமோனியாவில் கொண்டுபோய் விடும். இரண்டாவது பேச்சு. பேச்சுப் பயிற்சியாளர்கள் பெரிய நகரங்களை விட்டால் கிடைப்பது அரிது. ஆகவே பேச்சு போனவருக்கு வழி தேடும்போது, பிசியோவைவிட அரிதான இவர் எங்கே இருக்கிறார் என்பதை வைத்தே ஊரை முடிவு செய்யுங்கள். மூன்றாவது மனச்சோர்வு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வருகிறது. ‘ஒத்துழைக்க மாட்டேன் என்கிறார், பிடிவாதம்’ என்று சொல்லப்படுபவர்களில் பலர் உண்மையில் மனச்சோர்வில் இருப்பவர்கள். அதற்கு மருந்து உண்டு, கேட்டால்தான் கொடுப்பார்கள்.

விபத்தில் தலையில் அடிபட்டவர்களின் கணக்கு வேறு. பெரும்பாலும் பைக்கில் போன இளைஞர்கள். கைகால் நன்றாக இருக்கும், நடப்பார்கள். ஆனால் நினைவு நிற்காது, சட்டென்று கோபம் வரும், பணத்தை யாரிடமோ கொடுத்துவிடுவார்கள். ‘உடம்பு சரியாகிவிட்டதே’ என்று வேலைக்கு அனுப்பி, ஒரு மாதத்தில் திரும்பி வந்து, வீட்டில் சண்டை முற்றிய கதைகள் நிறைய. வீட்டுப் பிசியோவால் இவர்களுக்குப் பயன் குறைவு. நினைவு, கவனம், நடத்தை ஆகியவற்றுக்குப் பயிற்சி தரும் உளவியலாளர் இருக்கும் வார்டுதான் தேவை. மீளும் காலமும் மாதங்களில் முடியாது, வருடங்களில் போகும்.

யாருக்கு எது

உதவியில்லாமல் உட்கார முடிகிறது, சொல்வது புரிகிறது, ஆனால் நடக்க முடியவில்லை, கை வரவில்லை என்ற நிலையில் இருப்பவருக்கு மறுவாழ்வு வார்டு. தங்கிப் பெறும் பயிற்சியால் அதிகம் லாபம் அடைபவர் இவர்தான். கம்பு ஊன்றியாவது நடந்து கழிவறைக்குப் போய்வர முடிகிறவருக்குப் போய்வரும் பிசியோ போதும். மிச்சப் பணத்தைப் பேச்சுக்கோ கைப்பயிற்சிக்கோ வைத்துக்கொள்ளலாம். கண் திறந்து பார்ப்பதே அரிது, மூக்குக் குழாயில் உணவு என்ற நிலையில் இருப்பவருக்கு உடனே தீவிரப் பயிற்சி என்று பணத்தைக் கொட்டுவதில் பலன் இருக்காது. அவருக்கு முதலில் வேண்டியது நல்ல செவிலியம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது, ஏர் பெட், படுக்கைப்புண் வராத தோல், இறுகாத மூட்டுகள். ஒரு மாதம் கழித்துத் தெளிவு கூடினால் அப்போது வார்டைப் பற்றி மறுபடி கேட்க வேண்டும். அந்த மறுபடி கேட்கும் வேலையைத்தான் பல குடும்பங்கள் விட்டுவிடுகின்றன. முதல் வாரம் ‘இவருக்குப் பிரயோஜனம் இல்லை’ என்று சொன்னதையே கடைசிவரை நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

வார்டு என்று முடிவானால், முன்பணம் கட்டும் முன் நேரில் ஒருமுறை போய்ப் பாருங்கள். காலை பத்து மணிக்குப் போங்கள். நோயாளிகள் படுக்கையில் கிடக்கிறார்களா, எழுந்து ஏதாவது செய்துகொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். தினமும் எத்தனை மணி நேரம், யார் யார் பார்ப்பார்கள், பேச்சுப் பயிற்சியாளர் முழுநேரமா வாரம் ஒருநாளா என்று கேளுங்கள். எந்த நிலை வந்தால் வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்றும் கேளுங்கள். ‘பார்க்கலாம், போகப்போகத் தெரியும்’ என்பது பதிலாக இருந்தால், அனுப்பும் நாளை உங்கள் பணம் தீரும் நாள் முடிவு செய்யும். அவர்களும் உங்களைக் கேள்வி கேட்கிறார்களா என்று கவனியுங்கள். வீட்டில் எத்தனை படி, கழிவறை இந்தியன் முறையா வெஸ்டர்ன் முறையா, பகலில் கூட இருப்பது யார் என்று விசாரித்து, கழிவறைக் கதவின் அகலத்தை அளந்து வரச் சொல்லும் இடமாக இருந்தால் தயங்காமல் சேர்க்கலாம்.